வால்வு ஹெட்போன் ஆம்ப்பை பேட்டரியில் ஓட்டுவது: கணக்கு ஹீட்டரிலிருந்து தொடங்குகிறது

24 வோல்ட் அடாப்டரில் இயங்கும், 12ஏயு7 என்ற வால்வு (வெற்றிடக் குழாய்) கொண்ட ஹெட்போன் ஆம்ப் கிட் ஒன்றை வாங்கி, அதை 18650 என்ற உருளை வடிவ லித்தியம் பேட்டரிகளில் ஓட்டி, பெருவிரைவு ரயிலிலும் நூலகத்திலும் பயன்படுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வால்வு, ஆப்ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் சில்லு), கெபாசிட்டர் ஆகியவற்றில் எதை மாற்றினால் ஒலி மேம்படும் என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. சால்டரிங் ஓரளவு பழக்கம் என்றும் மல்டிமீட்டர் ஒன்று கையில் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கேள்விகளாகத் தெரிந்தாலும், நீங்கள் அறிய விரும்புவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: இந்தக் கருவியில் எந்தப் பகுதி எதைத் தீர்மானிக்கிறது, உழைப்பையும் பணத்தையும் எங்கே போட்டால் பலன் கிடைக்கும்? மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் பணியிலும், பிறகு மாணவர்களுக்கு ஆய்வுக்கூடப் பயிற்சி கொடுக்கும் பணியிலும் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் கிட்டின் சுற்று வரைபடம் என் முன்னால் இல்லை. எனவே எண்களை உங்கள் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

பேட்டரியில் ஓடும் வால்வு ஆம்ப்பில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது, வால்வைச் சூடாக்கி இயங்க வைக்கும் இழையான ஹீட்டர்தான். 12ஏயு7 வால்வின் ஹீட்டருக்கு 12.6 வோல்ட்டில் 150 மில்லிஆம்பியர் தேவை, அதாவது ஏறத்தாழ 1.9 வாட். நடுத்தரமான 32 ஓம் ஹெட்போன் ஒன்று 1 மில்லிவாட்டில் 100 டெசிபெல் அளவுக்கு ஒலிக்கும் என்று கொண்டால், அமைதியான அறையில் நாம் 80 டெசிபெல்லில் பாட்டுக் கேட்க அதற்கு 0.01 மில்லிவாட் போதும். ஒரு மிடறு காப்பிக்காக நாள் முழுவதும் அடுப்பை எரியவிடுவது போன்ற ஏற்பாடு இது. சுவரிலிருந்து மின்சாரம் வரும்வரை இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பேட்டரிக்கு மாறியதும், வால்வு எது, எத்தனை செல்கள், எந்த வகைச் செல், பெட்டி எவ்வளவு பெரிது என்ற எல்லா முடிவுகளும் இந்த 1.9 வாட்டிலிருந்தே கிளம்புகின்றன.

இதை உங்கள் கிட்டில் பொருத்திப் பார்ப்போம். 24 வோல்ட்டில் இயங்கும் மலிவான கிட்கள் பலவற்றில், வால்வு மின்னழுத்தத்தைப் பெருக்குவதோடு நின்றுவிடும். ஹெட்போனை உண்மையில் ஓட்டுவது அதற்குப் பின்னால் உள்ள மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) இணை. அந்த மாஸ்ஃபெட்கள் கிளாஸ் ஏ முறையில் இயங்குவதால், பாட்டு ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும் ஒரே அளவு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு பக்கத்துக்கு 200 மில்லிஆம்பியர் என்று கொண்டால் இரு பக்கத்துக்கும் 400. ஹீட்டரின் 150ஐயும் அதே 24 வோல்ட்டிலிருந்து சாதாரண ரெகுலேட்டர் வழியாக எடுத்தால் மொத்தம் 550 மில்லிஆம்பியர், அதாவது 13 வாட்டுக்குச் சற்று மேல். 3000 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள 18650 செல்கள் ஆறைத் தொடராக இணைத்தால் காகிதத்தில் ஐந்தரை மணி நேரம் வரும், நடைமுறையில் நான்கு முதல் ஐந்து மணி நேரம். ஆகவே பேட்டரியில் ஓடுமா என்றால், ஓடும். ஆனால் அந்த 13 வாட் முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். மூடிய பைக்குள் வைத்து ரயிலில் எடுத்துச் செல்லும் கருவிக்கு அது ஏற்றதல்ல. அந்த கிட்டை வாங்கினால் மேசையிலேயே வையுங்கள், அடாப்டரிலேயே ஓட்டுங்கள் என்பதுதான் என் கருத்து.

நூலகத்துக்கும் பயணத்துக்கும் ஏற்றது வேறொரு வகை: 12 வோல்ட்டில் இயங்கும் வால்வும், அதற்குப் பின்னால் ஹெட்போனை ஓட்டும் ஆப்ஆம்ப்பும் கொண்ட கலப்பு ஆம்ப். இதில் ஆப்ஆம்ப் சும்மா இருக்கும்போது சில மில்லிஆம்பியர் மட்டுமே எடுக்கும் என்பதால், மொத்தச் செலவும் ஏறக்குறைய ஹீட்டரின் செலவுதான், 160 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு கலப்பு புதிதாகத் தோன்றலாம், ஆனால் 1950களின் பிற்பகுதியில் கார் ரேடியோக்களில் இதே ஏற்பாடு இருந்தது. உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் அதிர்வுக் கருவியைத் தவிர்ப்பதற்காக, கார் பேட்டரியின் 12 வோல்ட்டையே பிளேட்டுக்கும் (வால்வுக்குள் எலக்ட்ரான்களை வாங்கும் தகடு) கொடுத்து இயக்கக்கூடிய வால்வுகளைத் தயாரித்து, ஒலிபெருக்கியை ஓட்டும் வேலையை ஜெர்மானியம் டிரான்சிஸ்டரிடம் விட்டார்கள். 12ஏஇ6, 12எஃப்கே6, 12யு7 போன்றவை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பிற்காலத்தில் பீட் மில்லட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் அந்த கார் வால்வுகளைக் கொண்டு குறைந்த மின்னழுத்த ஹெட்போன் ஆம்ப் ஒன்றை வெளியிட்டார். இன்று கிடைக்கும் கலப்பு கிட்கள் பலவற்றின் அடிப்படை எண்ணம் அதிலிருந்து வேறுபட்டதல்ல.

இனி பேட்டரியின் வகை. லித்தியம்தான் சிறந்தது என்ற எண்ணம் பரவலாக இருப்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று 18650 செல்களைத் தொடராக இணைத்தால், முழுமையாக ஏறிய நிலையில் 12.6 வோல்ட் வரும். அந்த எண்ணைப் பார்த்ததும் ஹீட்டருக்கென்றே செய்தது போலத் தோன்றும். ஆனால் அது இறங்கிக்கொண்டே போய் 9 வோல்ட் வரை செல்லும். ஹீட்டர் மின்னழுத்தத்தைக் குறித்த அளவிலிருந்து 10 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பது பொது விதி, அதாவது 11.3 முதல் 13.9 வோல்ட் வரை. மூன்று லித்தியம் செல்களும் ஒவ்வொன்றும் 3.78 வோல்ட்டுக்கு இறங்கும்போதே அந்தக் கீழ் எல்லை வந்துவிடும். அப்போது பேட்டரியில் இன்னும் பாதியளவு மின்சக்தி மீதமிருக்கும். வால்வு உடனே நின்றுவிடாது, எலக்ட்ரான்களை வெளிவிடும் கேத்தோடு குளிர்ந்து, மின்னோட்டம் குறைந்து, ஒலி மெல்ல மங்கிச் சிதையும். மாறாக, 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ செல்கள் பத்தைத் தொடராக இணைத்துப் பாருங்கள். சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் சற்றே உயர்ந்து நிற்கும், பிறகு தன் ஆயுளின் பெரும்பகுதியை 12 முதல் 12.5 வோல்ட்டுக்குள்ளேயே கழித்துவிட்டு, கடைசியில்தான் சரியும். இடையில் எந்த ரெகுலேட்டரும் இல்லாமல் ஹீட்டருக்கு நேராகக் கொடுக்கலாம். 1900 மில்லிஆம்பியர்-மணி செல்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். பத்துச் செல்களும் சேர்ந்து கால் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும், அந்த எடையைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். சார்ஜ் செய்ய அவற்றைக் கழற்றி, கடையில் கிடைக்கும் சாதாரண ஏஏ சார்ஜரில் போட்டால் போதும். சார்ஜிங் சுற்று ஒன்றை நீங்கள் கட்ட வேண்டியதே இல்லை. முதல் கிட்டைக் கட்டும் ஒருவருக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பது இதைத்தான்.

லித்தியமே வேண்டும் என்றால் சில நிபந்தனைகள் உண்டு, அவற்றில் சலுகை கிடையாது. பாதுகாப்புப் பலகை (ஆபத்தான நிலையில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுற்று) இல்லாத செல் அடுக்கைப் பயன்படுத்தாதீர்கள். பழைய மடிக்கணினி பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்கள் வேண்டாம். செல்லின் முனையில் நேரடியாக சால்டர் வைக்காதீர்கள், நிக்கல் பட்டை ஏற்கெனவே ஒட்டப்பட்ட செல்களையோ நல்ல பிடிப்பானையோ வாங்குங்கள். நேர்முனைக்கு மிக அருகில் ஃபியூஸ் ஒன்று இருக்க வேண்டும். சார்ஜ் செய்யும்போது வீட்டில் விழித்திருக்கும் ஒருவர் இருக்க வேண்டும், வாசலை அடைக்கும் இடத்தில் வைத்துச் சார்ஜ் செய்யக் கூடாது. அடுக்குமாடி வீட்டில் ஒரு வீட்டின் தீ பக்கத்து வீட்டையும் பாதிக்கும். அடாப்டர் வாங்கும்போது சிங்கப்பூரில் விற்பனைக்குக் கட்டாயமான பாதுகாப்புச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள், கிட்டோடு இலவசமாக வரும் அடாப்டர்களில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. ஹீட்டரின் இரு பாதிகளையும் இணையாக இணைக்கும் 6.3 வோல்ட் முறையைத் தேர்ந்தெடுத்து, பக் கன்வெர்ட்டர் (மின்னழுத்தத்தைக் குறைத்து நிலையாக வைக்கும் சுற்று) வழியாக ஓட்டினால் லித்தியத்தின் சரிவு ஒரு பிரச்சினையாக இருக்காது. ஆனால் குளிர்ந்த ஹீட்டர் இயல்பு நிலையைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை முதல் நொடியில் இழுக்கும் என்பதால், சிறிய கன்வெர்ட்டர் தொடங்கத் திணறலாம், பாதுகாப்புப் பலகையும் துண்டித்துவிடலாம். சுவிட்சைப் போட்டதும் உயிர் வந்து உடனே அணைந்தால் பழி வால்வின் மேல் இல்லை, அங்கேதான் தேட வேண்டும்.

கட்டும் முறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு கட்டத்தை மட்டும் விவரித்தாக வேண்டும், ஏனெனில் ஒலியின் தரம் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. எல்லாப் பாகங்களையும் பொருத்திய பிறகு, ஹெட்போனுக்குப் பதிலாக இரண்டு 33 ஓம் ரெசிஸ்டர்களை வெளியீட்டில் இணையுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் பிடித்துக்கொண்டு, சிவப்பு முனையை வால்வு சாக்கெட்டின் 1ஆம் காலில் வையுங்கள். அதுதான் ஒரு பக்கத்தின் பிளேட், மற்றொரு பக்கத்தின் பிளேட் 6ஆம் கால். சாக்கெட்டை அடியிலிருந்து பார்த்தால் இடைவெளியிலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ணிக்கொண்டு போக வேண்டும். சுவிட்சைப் போட்டவுடன் மீட்டர் ஏறக்குறைய முழு பேட்டரி மின்னழுத்தத்தைக் காட்டும், ஏனெனில் குளிர்ந்த வால்வில் மின்னோட்டம் இல்லை. அரை நிமிடத்துக்குள் எண் இறங்கத் தொடங்கும், 12, 11, 9 என்று சரிந்து, பிறகு மெதுவாக நிலைகொள்ளும். பத்து நிமிடம் பொறுங்கள், அதற்கு முன் டிரிம்மரை (இந்த மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் சிறு திருகு) தொடாதீர்கள். நிலைகொண்ட பிறகு, வரைபடம் வேறு அளவு சொல்லாவிட்டால், ஊட்டு மின்னழுத்தத்தின் பாதிக்கு வைப்பது நல்ல தொடக்கம். 12 வோல்ட்டில் 6. ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் சற்று நகரலாம் என்பதால் இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். கடைசியாக 33 ஓம் ரெசிஸ்டர்களின் குறுக்கே நேர்மின்னழுத்தம் எவ்வளவு என்று அளந்து, அது 20 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மட்டுமே ஹெட்போனைச் செருகுங்கள்.

இந்த அளவீடு வால்வு மாற்றும் கேள்விக்கும் விடையாகிறது. 12ஏயு7 வால்வு 100 முதல் 250 வோல்ட் வரையிலான பிளேட் மின்னழுத்தத்துக்காக வடிவமைக்கப்பட்டது. 12 வோல்ட்டில் அதன் வழியே 1 மில்லிஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டமே ஓடும், அந்தப் பகுதியில் ஒரே பெயருள்ள இரண்டு வால்வுகள்கூட ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. ஒரு வால்வைக் கழற்றி இன்னொன்றைச் செருகி, உடனே ஒலி மாறிவிட்டது என்று கேட்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பிளேட் மின்னழுத்தம் 6லிருந்து 3க்கோ 9க்கோ போயிருக்கும், அவர் கேட்பது அந்த மாற்றத்தைத்தான். வால்வை மாற்றும் ஒவ்வொரு முறையும் மீண்டும் டிரிம்மரைச் சரிசெய்த பிறகு ஒப்பிடுங்கள். அப்போது எஞ்சும் வேறுபாடு, விலை காட்டும் வேறுபாட்டைவிட மிகச் சிறியதாக இருக்கும் என்பது என் அனுபவம். இது என் காதின் கருத்து, அளவுகோலின் கருத்தல்ல, உங்கள் காது வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை மட்டும் கருத்துக்கு அப்பாற்பட்டது. ஈசிசி82, 5814ஏ ஆகியவை அதே கால் அமைப்புடையவை. ஈசிசி88 அல்லது 6டிஜே8 அதே சாக்கெட்டில் அழகாக உட்காரும், ஆனால் அதன் ஹீட்டர் 6.3 வோல்ட்டுக்கானது, 4ஆம், 5ஆம் கால்களில் 12.6 வோல்ட் கொடுத்தால் கெட்டுவிடும்.

ஆப்ஆம்ப் மாற்றுவதில் பலன் உண்டு, ஆனால் மக்கள் தேடும் இடத்தில் அல்ல. அங்கே முதலில் பார்க்க வேண்டியது அது எவ்வளவு மின்னோட்டம் தர முடியும் என்பது. என்இ5532 ஏறத்தாழ 38 மில்லிஆம்பியர் தரும். 32 ஓம் ஹெட்போனில் அது 20 மில்லிவாட்டுக்குச் சற்று மேல், பெரும்பாலோருக்குப் போதும். என்ஜேஎம்4556 ஏறத்தாழ 70 தரும் என்பதால், குறைந்த ஓம் உள்ள, உணர்திறன் குறைந்த ஹெட்போன் வைத்திருப்பவருக்கு வேறுபாடு தெளிவாகத் தெரியும். மிக வேகமான, விலையுயர்ந்த ஆப்ஆம்ப்களை மலிவான பலகையில் செருகினால் அவை காதுக்குக் கேளாத அதிர்வெண்ணில் ஊசலாடத் தொடங்கலாம். விரல் வைத்தால் சூடாக இருக்கும், பேட்டரி விரைவில் தீரும், ஒலி மங்கலாகும். ஊட்டுக் கால்களுக்கு மிக அருகில் 100 நானோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றை சால்டர் செய்யாமல் இதில் இறங்க வேண்டாம்.

பணம் போடத் தகுந்த மாற்றங்கள் வேறு மூன்று, மூன்றும் மலிவானவை. முதலாவது வெளியீட்டுக் கெபாசிட்டர். ஒற்றை ஊட்டில் இயங்கும் கிட்டில் ஹெட்போனுக்கு முன்னால் ஒரு மின்பகு கெபாசிட்டர் இருக்கும். அது 220 மைக்ரோஃபாரட் என்றால் 32 ஓம் ஹெட்போனில் 23 ஹெர்ட்ஸ் அருகில் தாழ்சுரம் குறையத் தொடங்கும். 16 ஓம் இயர்போனில் அதுவே 45 ஹெர்ட்ஸ். தவிலின் தொப்பி அடியும் பேஸ் கிட்டாரின் அடிச்சுரமும் மெலிந்து கேட்பதற்குப் பல நேரங்களில் வால்வைக் குறை சொல்கிறார்கள், உண்மையில் காரணம் இதுதான். 470 அல்லது 1000 மைக்ரோஃபாரட் போடுங்கள். இரண்டாவது, ஓசையின் பெருக்கம். கைப்பேசியில் ஹெட்போனை இணைக்கும் இன்றைய டாங்கிள்களே போதிய மின்னழுத்தம் தருவதால், கிட்டின் பெருக்கம் தேவைக்கு மிஞ்சி, வால்யூம் குமிழ் எட்டு மணி நிலையைத் தாண்டுவதில்லை. அந்தக் கீழ்ப்பகுதியில் மலிவான குமிழ்களின் இடமும் வலமும் ஒத்துப்போவதில்லை, பாடுபவரின் குரல் ஒரு பக்கம் சாய்ந்து கேட்கும். உள்ளீட்டில் இரண்டு ரெசிஸ்டர்களால் மின்னழுத்தத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்தால் குமிழ் நடுப்பகுதியை நோக்கி நகரும், சாய்வு குறையும். மூன்றாவது, வால்வின் அடியில் ஒளிரும் எல்இடி. வால்வின் செந்தணலைப் பெரிதாகக் காட்டுவதற்காக வைக்கப்பட்டது அது, ஒலிக்கு எந்தத் தொடர்பும் இல்லை. கழற்றிவிட்டால் பேட்டரிக்கு நல்லது, வால்வின் உண்மையான மங்கிய ஒளியும் இரவில் கண்ணுக்குத் தெரியும்.

பாக்கெட்டில் வைக்கும் அளவுக்குச் சிறியதாக வேண்டும் என்பதில் நீங்கள் உறுதியாக இருந்தால், 12ஏயு7ஐ விட்டுவிட்டு நியூடியூப் வைத்து வரும் கிட்டைப் பாருங்கள். ஜப்பானின் கோர்க், நோரிடேக் நிறுவனங்கள் 2015இல் அறிவித்த இந்த 6பி1, ஒளிர்திரை தயாரிக்கும் முறையில் செய்யப்பட்ட உண்மையான இரட்டை டிரையோடு வால்வு. ஒவ்வோர் இழைக்கும் 0.7 வோல்ட்டில் 17 மில்லிஆம்பியர் போதும். இரண்டு இழைகளும் சேர்ந்து எடுப்பது 12ஏயு7 ஹீட்டரின் ஏறத்தாழ 80இல் ஒரு பங்கு. ரெசிஸ்டரில் வீணாவதைச் சேர்த்தாலும் சிறிய பேட்டரியே போதும். இதன் குறை, அதிர்வை ஒலியாக்கும் இயல்பு. பெட்டியைத் தட்டினால் ஹெட்போனில் மணி அடித்தது போல நீண்டு ஒலிக்கும். வால்வு அமர்ந்திருக்கும் சிறு பலகையை மென்மையான நுரைமேல் வைத்து, வளையும் மெல்லிய கம்பிகளால் இணைத்தால் வெகுவாகக் குறையும், நடந்துகொண்டே கேட்பவருக்கு முற்றிலும் நீங்காது. பேட்டரி மின்னழுத்தத்தை 100 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தி வால்வுக்குக் கொடுக்கும் கிட்களும் இருக்கின்றன. அவை ஒலியில் நியாயமானவை, ஆனால் பேட்டரியைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் அதிர்ச்சி தரும் மின்னேற்றம் தங்கியிருக்கும், முதல் கிட்டாக வேண்டாம்.

பெட்டி உலோகமாக இருக்கட்டும். கைப்பேசி அருகில் இருந்தால் ஆம்ப்பில் வரும் டர்ர்ர் ஒலி பழைய 2ஜி அலைவரிசையால் வந்தது. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் அந்தச் சேவை நிறுத்தப்பட்ட பிறகு அது பெரிதும் ஓய்ந்துவிட்டது என்றாலும், ஒலிச் சமிக்ஞை நுழையும் வால்வின் கிரிட் போன்ற மென்மையான முனைக்குக் கவசம் இருப்பது நல்லது. மூடிய பெட்டிக்கு இன்னொரு பயனும் உண்டு: கம்பிகளும் செல்களும் வெளியே தெரியும் கையால் செய்த கருவியை ரயில் நிலையத்திலோ சாங்கி விமான நிலையத்திலோ சோதனைக்கு நிறுத்தினால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. விமானத்தில் போகும்போது லித்தியம் செல்களைக் கழற்றி, முனைகளை மூடி, கைப்பையில் மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

சாக்கெட், செல் பிடிப்பான், ரெசிஸ்டர், கெபாசிட்டர் எல்லாம் ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரில் கிடைக்கும். அருகில் உள்ள சிம் லிம் ஸ்கொயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது கணினிக் கடைகளின் இடம். வால்வு ஒலி உங்களுக்குப் பிடிக்குமா என்பதே ஐயமாக இருந்தால், கிட் வாங்கும் முன் கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடத்துக்கு உங்கள் ஹெட்போனோடு போய், அங்குள்ள ஒலிச்சாதனக் கடைகளில் ஒரு வால்வு ஆம்ப்பைக் கேட்டுப் பாருங்கள். கிட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு அதன் சுற்று வரைபடத்தையும், உங்கள் ஹெட்போனின் ஓம் அளவையும் உணர்திறனையும் இங்கே எழுதினால், உள்ளீட்டு ரெசிஸ்டர்களின் மதிப்பையும் வெளியீட்டுக் கெபாசிட்டரின் அளவையும் கணக்கிட்டுச் சொல்கிறேன்.